நூல் தெரிஞ்சா உடனே டயரை மாத்துங்க!
காரைக்குடி: குன்றக்குடியில் இருந்து காரைக்குடிக்கு தினமும் சைக்கிளில் வேலைக்கு வந்து போனால் சுமார் 20 கி.மீ. ஆகிறது. மாதம் 25 நாள் என்றால் 500 கி.மீ. சைக்கிள் டயர் பொதுவாக 3 ஆயிரம் முதல் 5 ஆயிரம் கி.மீ. வரை உழைக்கும். அதாவது 6 முதல் 10 மாதம்தான்.

ஆள் பாரமும், கேரியர் சுமையும் பின்னால் விழுவதால் பின் டயர்தான் முதலில் மொட்டையாகும். காற்று குறைவாக ஓட்டினாலும், வெயிலிலேயே நிறுத்தினாலும் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும்.

நூல் தெரிந்தாலோ, டயர் புடைத்தாலோ "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்று தள்ளிப்போடக் கூடாது. ஒரு டயருக்குத்தான் கையில் காசு இருக்கா? முன் டயர் நல்லா இருந்தால் அதைப் பின்னால் மாத்திட்டு, புதுசை முன்னால் போடுங்க. பின் டயர் வெடித்தால் சமாளித்து நிறுத்தலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில்பார் கையில் நிற்காது, ஆளையே கீழே தள்ளிவிடும்.