சூசாவின் பாலுணர்வுக் கோட்டோவியங்கள்: காட்சி அமைப்பும் ஆபாசம் குறித்த மதிப்பீடும்

பாலுணர்வுக் கோட்டோவியம் கலையா, ஆபாசமா என்னும் மதிப்பீட்டில் காட்சி அமைப்பிற்கும் பங்குண்டு என்பதை எஃப். என். சூசாவின் (1924–2002) படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

சூசாவின் பாலுணர்வுக் கோட்டோவியத் தொகுப்பு ஒன்றும் அக்பர் பதம்சியின் படைப்புகளும் 2023இல் மும்பையில் சுங்கத்துறையால் கைப்பற்றப்பட்டு, பின்னர் ஆபாசமானவை எனப் பறிமுதல் செய்யப்பட்டன. 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வாணையை இரத்துச் செய்தது. நிர்வாணத்தையும் உடலுறவுச் சித்திரிப்பையும் மட்டுமே கண்ட அதிகாரி, கலைஞர்களின் தகுதியையும் வல்லுநர் கருத்தையும் கருத்தில் கொள்ளவில்லை என்று நீதிமன்றம் சுட்டியது. உச்ச நீதிமன்றமும் அவீக் சர்க்கார் வழக்கில் (2014), படத்தை அதன் சூழலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்றது.

காட்சிக்கூடத்தில் அச்சூழலை உருவாக்குபவர் காட்சி அமைப்பாளரே. சூசாவின் தலை உருவங்களும் நிலக்காட்சிகளும் முதல் அறையில் இடம்பெற்றால், அடுத்த அறையின் உடலுருவங்களைப் பார்வையாளர் அதே கோட்டின் தொடர்ச்சியாகக் காண்பர். நுழைவாயிலில் அறிவிப்பும், அவ்வறையைத் தவிர்த்துச் செல்ல மாற்றுவழியும் தேவை. திரையிட்டு மறைத்தல் கூடாது. அது படைப்பைக் குற்றப்பொருளாக்கிவிடும்.

ஒளியமைப்பிலும் இச்சிக்கல் உண்டு. தாளோவியங்களைப் பாதுகாக்க ஒளி சுமார் 50 லக்ஸ் அளவில் இருத்தல் வேண்டும். பாலுணர்வுப் படங்களின் அறை மட்டும் மங்கலாக இருப்பின், பாதுகாப்பு நடவடிக்கை மறைப்பாகத் தோன்றும். எனவே எல்லா அறைகளிலும் ஒரே ஒளியளவைப் பேணி, அதன் காரணத்தையும் எழுதிவைத்தல் நன்று.

சுங்க அதிகாரியின் மேசையில் இக்கோட்டோவியங்களுக்குக் கிட்டாத சூழலை, இத்தகைய அமைப்பே காட்சிக்கூடத்தில் வழங்க இயலும்.