சுபாங்கில் இறங்கி, சிப்பாங்கில் ஏறுவது

தினமும் காலையில் வானொலியில் போக்குவரத்து நிலவரம் வாசிப்பது என் வேலை. எந்தச் சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு நெரிசல் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான்தான், அப்பாவின் திருச்சி விமானத்தைத் தவறவிட்டேன்.

அத்தை இறந்த செய்தி விடியற்காலையில் வந்தது. அடுத்த மாதம் அவரைப் பார்க்கப் போவதற்கென்று அப்பா விசா எடுத்து வைத்திருந்தார். மறுநாள் காலையில் தகனம். பினாங்கிலிருந்து அப்பாவை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று கைப்பேசியில் தேடினேன். மாலை 4.40க்குக் கோலாலம்பூர் வந்துசேரும் விமானம் ஒன்று. இரவு 7.40க்குக் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு இன்னொன்று. இடையில் மூன்று மணி நேரம். தாராளம் என்று நினைத்துப் பணம் கட்டினேன்.

முதல் விமானம் இறங்குவது சுபாங்கில் என்பதை, அப்பா பாயான் லெப்பாஸில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். ஊர்ப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

1965இல் திறக்கப்பட்ட சுபாங்தான் ஒரு காலத்தில் நம் பெரிய விமான நிலையம். 1998இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ வந்ததும் ‘கே.யு.எல்.’ என்ற குறியீடும் அங்கே போய்விட்டது. சுபாங்குக்கு இப்போது ‘எஸ்.இசட்.பி.’ இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 46 கிலோமீட்டர். சாலையில் 60 கிலோமீட்டரை நெருங்கும். சாலை காலியாக இருந்தால் முக்கால் மணி நேரம்.

சாலை காலியாக இல்லை. அப்பா பெட்டியோடு வெளியே வரும்போதே 5.10. மழை, வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம், ஷா ஆலம் அருகே ஒரு விபத்து. ரயிலா? சுபாங்கையும் கேஎல் சென்ட்ரலையும் இணைத்த ரயில் சேவை 2023இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. எலிட் நெடுஞ்சாலையைத் தொட்டபோது மணி 6.15. பினாங்கிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் பறந்து வந்தவர், இந்த 60 கிலோமீட்டரைக் கடக்க நூறு நிமிடம் காரில் உட்கார்ந்திருந்தார். முகப்பு மூடியது 6.40க்கு. நாங்கள் போய் நின்றது 6.50க்கு.

அப்பா திட்டவில்லை. பெட்டியைத் திறந்து, பிறந்த வீட்டுக் கோடியாக வாங்கியிருந்த சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். மறுநாள் காலை என் வீட்டுக் கூடத்தில், வீடியோ அழைப்பில் அக்காவின் முகத்தைப் பார்த்தார். கோடியை அங்கே வேறு யாரோ போட்டார்கள். சேலையோடு அவர் திருச்சி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். சுபாங்கில் இறங்கி சிப்பாங்கில் ஏற வேண்டியிருந்தால் ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாலை நேரமென்றால் அதுவும் வேண்டாம். பினாங்கிலிருந்து நேரே கேஎல்ஐஏவுக்கே விமானம் இருக்கிறது. அங்கேயும் முனையம் ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, அவற்றுக்கு இடையே ரயிலில் சில நிமிடம்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்பா திரும்புவதற்கு நானே டிக்கெட் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“இது எந்தக் கோலாலம்பூர்ம்மா?”