கம்பத்துக் காற்று எதுவரை ஏறும்?

ஆனி பிறந்து காற்று இறங்கிவிட்டால், சின்னமனூர்ப் பக்கம் வாழைக்கு முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். ஆண்டிபட்டியில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். கேரளத்தை நனைத்துவிட்டு ஏலமலை முகட்டைத் தாண்டிவரும் தென்மேற்குப் பருவக்காற்று, கூடலூரிலும் கம்பத்திலும் சாரலாக விழும். இதெல்லாம் தரையில் நடப்பது. அதே காற்று தலைக்கு மேலே அலையும் அடிக்கிறது.

ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பாறையைத் தாண்டிய தண்ணீர், அப்பால் மேலும் கீழுமாக நெளிந்து ஓடுமல்லவா? மலையைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். மேலே தள்ளப்பட்ட காற்று குளிர்ந்து கனக்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இறங்கிய வேகத்தில் தன் மட்டத்தையும் தாண்டிப்போய், மறுபடி எழும்புகிறது. இவைதான் வளிமண்டல ஈர்ப்பு அலைகள். கருந்துளைகள் மோதியதில் பிறந்து 2015-இல் பதிவான ஈர்ப்பலைகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. மலை மட்டுமல்ல, இடிமேகமும் இவற்றைக் கிளப்பிவிடும்.

கிளம்பிய அலையெல்லாம் உச்சிக்குப் போய்ச் சேராது. போகவிடுவதும் தடுப்பதும் பருவம்தான்.

ஆடி மாதத்தில் தென்னிந்தியாவின் மேல் ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் உயரம்வரை காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதற்கு மேலே கிழக்கிலிருந்து. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1958-இல் விளக்கி எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். மலையில் பிறந்த அலை மலையை விட்டு நகராது. காற்று திசை மாறும் மட்டத்தில் காற்றின் வேகம் பூஜ்யம். நகராத அலை அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் ஏலமலை கிளப்பும் அலைக்கு ஆடியில் அதுவே எல்லை. இடிமேகத்தில் பிறந்து தக்க வேகத்தில் நகரும் அலைகள் தப்பித்து மேலே ஏறும்.

அலைகளின் இந்த ஏற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, ரேடார் பார்க்கும். திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார், காற்றின் ஏற்ற இறக்கத்தை விநாடிக்குச் சில சென்டிமீட்டர் அளவிலும் கண்டுபிடிக்கிறது. இன்னும் உயரத்துக்குத் திருநெல்வேலி கிருஷ்ணாபுரம் போகவேண்டும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ரேடார் அங்கே 1992 முதல் 70 கிலோமீட்டருக்கு மேலான காற்றை அளந்துவருகிறது. பங்குனி, புரட்டாசியை ஒட்டி 80 கிலோமீட்டருக்கு மேல் காற்று மேற்கு நோக்கித் திரும்புவதை அது பதிவுசெய்தது. ஆண்டுக்கு இரண்டு முறை ஏன் இப்படி? அந்த மாதங்களில் 50 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கு நோக்கிப் போகிறது. கிழக்கே நகரும் அலைகளை அது விழுங்கிவிடும். மேற்கே நகர்பவை கடந்துபோய், மெலிந்த காற்றில் பெருத்து உடைந்து, அங்குள்ள காற்றைத் தம் திசையில் தள்ளும்.

வானிலைக் கணினி மாதிரிகளின் கட்டங்களுக்குள் சிறிய அலைகள் அகப்படுவதில்லை. தோராயக் கணக்குதான் போடுகிறார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஓராண்டுப் பதிவு போதாது. நிலநடுக்கோட்டின் மேல் காற்று திசை மாறும் சுமார் 28 மாதச் சுழற்சி ஒன்று, சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி ஒன்று எனப் பலவும் இதில் கலந்திருக்கின்றன. காதங்கியிலும் கிருஷ்ணாபுரத்திலும் பதிவு அறுபடாமல் தொடர, அரசு தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும்.