பாப்பாவுக்காக ரூமை ரெடி பண்றீங்களா? முதலில் ஜன்னல் பெயின்ட்டைப் பாருங்கள்

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அங்கே ஒரு வேலை ஆரம்பித்துவிடும். "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வர்றா, அந்த ரூமை மட்டுமாவது ஒரு கோட் அடிச்சிடுங்க" என்று பெயின்டருக்குப் போன் போகும். அதே நேரத்தில் சென்னையிலோ கோவையிலோ ஒரு வாடகை ஃப்ளாட்டில் கணவன் ட்ரில் மெஷின் ஆர்டர் போட்டுவிட்டு, பழைய மரப்பலகையில் தொட்டில் செய்வது எப்படி என்று ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி துடைக்கக் கிளம்பும் கர்ப்பிணியை யாராவது இழுத்து உட்கார வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பரபரப்புக்கு ஆங்கிலத்தில் 'நெஸ்டிங்' என்று பெயர். பறவை கூடு கட்டுவது மாதிரி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டை ஒழுங்குபடுத்தும் உந்துதல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உச்சத்துக்குப் போகிறது என்பது அவர்கள் கண்டது. ஆசை இயல்பானதுதான். சிக்கல் என்னவென்றால், வயிறு பெரிதாகி உடலின் சமநிலை மாறி, ஸ்டூலில் ஏறவே கூடாத மாதங்களில்தான் அந்த ஆசையும் உச்சத்தில் நிற்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது புது வீட்டு வேலையைத் தொடங்க மாட்டார்கள். குழந்தை பிறக்கும் முன்னால் தொட்டில் வாங்கி வைக்கக் கூடாது என்பார்கள். சாத்திரம், சகுனம் என்றுதான் காரணம் சொல்வார்கள். ஆனால் தூசியும் ரசாயன வாடையும் பறக்கும் வேலை கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பதில் மருத்துவரும் பாட்டியும் ஒரே பக்கம்தான். வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டிதான் "ரூமுக்கு ஒரு கோட் அடிங்க" என்றும் சொல்கிறார்.

பழைய பெயின்ட்டில் என்ன இருக்கிறது?

ஈயம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பளிச்சென்று இருக்கவும், பெயின்ட் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்பது எந்த டப்பா, எந்த நிறம் என்பதைப் பொறுத்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது தாய்வீட்டை நினைத்துப் பாருங்கள். பல குடும்பங்களில் அது எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ கட்டிய வீடு. சுவரில் சுண்ணாம்பு என்றால் பெரிய பயமில்லை, அதில் ஈயம் சேர்ப்பதில்லை. கவனிக்க வேண்டியது மர ஜன்னல், கதவு, இரும்புக் கம்பி, கிரில் ஆகியவற்றின் மேல் இருக்கும் எனாமல். பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த பச்சையும் நீலமும் அங்கே படிந்து கிடக்கும். ஒரு மூலையில் உரிந்தால் நாலு நிறம் தெரியும்.

சுவரோடு ஒட்டிக் கிடக்கும் வரை அந்தப் பெயின்ட் பெரிதாக எதுவும் செய்யாது. பெயின்டர் வந்து கரண்டியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் ஆபத்து கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசியாக அது தரையில், கட்டில் விரிப்பில், சாப்பாட்டுத் தட்டில் இறங்கும். மூச்சு வழியாகவும் கை வழியாகவும் உடலுக்குள் போகும். ரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்ச் சேரும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைக்குறைவு ஆகியவற்றுக்கு இது காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்பதும் அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. பிறந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. ஜன்னல் திட்டில் படிந்த தூசியைத் தடவிய கையை எட்டு மாதக் குழந்தை நேரே வாயில்தான் வைக்கும்.

சரி, என்ன செய்வது? பழைய எனாமல் உரியாமல் நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு விடலாம். உரிந்திருக்கிறது, அடித்தே ஆக வேண்டும் என்றால், பெண் அந்த வீட்டுக்கு வரும் முன்பே வேலை முடிந்து, வீடு சுத்தமாகிவிட வேண்டும். "நீ அந்த ரூம்ல இரு, இந்த ரூம்ல வேலை நடக்கட்டும்" என்பது போதாது, தூசிக்குச் சுவர் தெரியாது. தேய்க்கும் இடத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். மெஷின் போட்டு வறட்டுத் தேய்ப்பு வேண்டாம், பெயின்ட்டைச் சூடுகாட்டி எரித்து எடுப்பது வேண்டவே வேண்டாம். தேய்ப்பவர் முகத்தில் என்95 மாஸ்க் இருக்கட்டும். அவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கும், அந்தத் தூசி அவர் சட்டையில் அங்கேயும் போகும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். வீட்டு ஆட்களே தேய்த்தால், அந்த உடைகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

புதுப் பெயின்ட் வாங்கும்போது, ஈயம் 90 பிபிஎம்-க்குள் இருப்பதாக டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். சுவருக்குத் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் போதும், வாடை குறைவு. டின்னர் கலந்து அடிக்கும் எனாமலில் வாடை அதிகம், அது மூக்கை விட்டுப் போகவும் நாளாகும். 37-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிடலாம் என்பதால், ஏழாம் மாதத்துக்குள் அடித்து முடித்து, மூன்று நான்கு வாரமாவது ஜன்னலைத் திறந்து போடுவது நல்லது. புது பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கும் இதே கணக்கு. அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும், அதுதான் 'புது ஃபர்னிச்சர் வாசனை'. பழைய மர பீரோவே தேவலை.

தூளிக்கு ஒரு கொக்கி

தமிழ் வீட்டில் 'நர்சரி' என்றால் நடைமுறையில் ஒரு பருத்திப் புடவையும் ஒரு கொக்கியும்தான். பழைய வீடுகளில் கூரைக் கட்டையிலேயே வளையம் இருக்கும். அது துரு ஏறி இருக்கலாம். புது ஃப்ளாட்டில் அதுவும் இல்லாததால், பலர் நேரே ஃபேன் கொக்கியில் கயிற்றை மாட்டுகிறார்கள், ஃபேன் சுற்றும்போதே சிலர். அந்தக் கொக்கி அசையாமல் தொங்கும் ஃபேனுக்காக வைத்தது. ஆடிக்கொண்டே இருக்கும் தொட்டிலின் இழுவை வேறு மாதிரி. ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் திருகிய கொக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டுத்தான் கொக்கி இறக்க வேண்டும். அதுவும் யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை. தளத்துக்குள் மின்கம்பிக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளை போட்டால் தூளிக்கு முன்னால் ஷாக்தான் கிடைக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிட்டு, வாடகை வீடென்றால் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு நாள் பார்க்கலாம். ஆட்டியும் பார்க்கலாம், கீழே யாரும் நிற்காமல். ஸ்பிரிங் தொட்டில் என்றால், ஸ்பிரிங் விட்டுப்போனாலும் தாங்கும்படி ஒரு கயிறு கூடுதலாகக் கட்டுவது வழக்கமாக வேண்டும்.

குழந்தை தூங்க வேண்டியது தட்டையான, கெட்டியான படுக்கையில், மல்லாந்த நிலையில், தலையணை இல்லாமல் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. தூளி இந்தக் கணக்கில் வராது. உள்ளே துணி வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால், பிறந்த குழந்தைக்கு மூச்சு விடுவது சிரமமாகும். இதற்காகத் தூளியையே கட்டாத வீடு தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்? கட்டினால், துணியை விரித்துப் பிடிக்கும் தொட்டில் கம்பு போட்டு, தரைக்கு அருகில் இறக்கி, பெரியவர் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். இரவுத் தூக்கத்துக்குத் தட்டையான படுக்கைதான் சரி. குழந்தையை எடுத்ததும் தூளியை அவிழ்த்து மேலே சுருட்டிக் கட்ட வேண்டும். ஊஞ்சலாடப் போன அக்கா, அண்ணன் கழுத்தில் புடவை இறுகிய செய்திகள் நம் நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கையால் மரத்தொட்டில் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டே விஷயம். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, அமெரிக்கத் தரநிலை சொல்லும் அளவு அது. உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். இறக்கி ஏற்றும் பக்கக் கதவு வைத்த தொட்டில்களை அந்த நாடு 2011-இல் தடையே செய்துவிட்டது. ரெண்டாவது, ரீல்ஸில் வரும் சரக்குப் பலகை. கப்பலில் வந்த பலகையில் 'எம்.பி.' என்று ஆங்கில முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். 'ஹெச்.டி.' என்றால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது. ஆனாலும் முன்பு அதில் என்ன சரக்கு ஏறியது என்று பலகை சொல்லாது.

அம்மாவுக்கும் ஒரு அறை வேண்டும்

சுவரில் யானையும் நிலாவும் ஒட்டும் உற்சாகத்தில் மறந்துபோகும் ஆள் ஒருவர் இருக்கிறார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கிட்டத்தட்டப் பாதிப் பேர் தையலோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களால் குனிய முடியாது, தரையில் பாய் போட்டுப் படுத்து எழ முடியாது. தாய்வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அந்த முதல் வாரம் நரகம்தான். மேலே வைக்கும் கமோடு நாற்காலி ஒன்று, பாத்ரூம் சுவரில் கெட்டியாகத் திருகிய ஒரு கைப்பிடி, வழுக்காத மேட். டயபர், துணி, தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர் எல்லாம் கட்டிலிலிருந்து கை எட்டும் உயரத்தில் இருக்க ஒரு பலகை. கணவனின் ட்ரில் மெஷினுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வேலைக்கு ட்ரில் கூட வேண்டாம். வெல்க்ரோ கொசுவலை ஒரு சனிக்கிழமையில் ஒட்டிவிடலாம், வாடகை வீட்டில் ஓனரும் முறைக்க மாட்டார். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால், ராத்திரிக்கு மட்டும் கொசுவர்த்தி என்ற பழக்கம் எப்படியும் உதவாது. அந்தப் புகை குழந்தைக்கு நல்லதும் இல்லை.

பழைய துணி விஷயமும் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய பருத்தித் துணி போடுவது நம் வழக்கம், நைந்து மெத்தென்று இருக்கும். தாத்தா வேட்டியைக் கிழித்து லங்கோடு தைப்பதும் அருமையான வேலை, கர்ப்பிணியே உட்கார்ந்து செய்யலாம். ஆனால் அந்த வேட்டி பல வருஷமாக பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்திருக்கும். அதில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை வரவழைக்கும். குறைபாடு இருக்கிறதா என்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. உருண்டைகளை இப்போதே வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டு, துணிகளைப் பல முறை அலசி, வாடை துளியும் இல்லாத வரை வெயிலில் காய வைக்க வேண்டும். பாட்டி ஆசையாகப் பூட்டி வைத்திருக்கும் பட்டுத் துணியும் கம்பளியும் இதில் சேர்த்திதான்.

எதெல்லாம் அவசரமில்லை?

பிளக் பாயின்ட் மூடி, மேஜை முனை ரப்பர், படிக்கட்டுக் கதவு எல்லாம் பிரசவத்துக்கு முன்பே வாங்கிக் குவிக்கும் பட்டியலில் இருக்கும். குழந்தை தவழ ஆறேழு மாதமாவது ஆகும். ஒரே ஒரு மின்வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். டிபி பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, இல்லையென்றால் போட்டுவிடலாம், பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். டப்பென்று கரன்ட் போனால் வேலை செய்கிறது.

பீரோவைச் சுவரோடு இறுக்குவதற்கும் நேரம் இருக்கிறது. ஒன்பதாவது மாதம் வாக்கில் குழந்தை இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும். அமெரிக்காவில் குழந்தைகள் மேல் இழுப்பறை அலமாரி சரிந்து இறந்ததால் ஐக்கியா நிறுவனம் 2016-இல் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. நம் இரும்பு பீரோ அதைவிடக் கனம். மேல் பக்கம் இரண்டு எல்-கிளாம்ப், சுவரில் ஃபிஷர் பிளக், ஸ்க்ரூ. அரை மணி நேர வேலை, குழந்தை உட்காரப் பழகும் மாதத்தில் செய்தால் போதும்.