எண்ணெயில் இயங்கிய டிஸ்க் டிரைவ்!

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால், ஃபைல் திறக்கும்போது 'கடகட' என்று மெல்லிய சத்தம் கேட்டிருப்பீர்கள். தகட்டின் மேல் ஹெட் இடம் மாறும் சத்தம் அது. இந்த ஹெட்டை ஒரு காலத்தில் எண்ணெய் அழுத்தம்தான் நகர்த்தியது!

ஐபிஎம் 1964-ல் அறிமுகப்படுத்திய 2311 டிரைவில், ஜேசிபி கையில் இருப்பது போல ஹைட்ராலிக் அமைப்பு இருந்தது. பம்ப், வால்வு, எண்ணெய் எல்லாம் உண்டு. கொள்ளளவோ 7.25 எம்பிதான்!

1970-ல் அறிவிக்கப்பட்ட 3330 டிரைவில் எண்ணெய்க்குப் பதில் 'வாய்ஸ் காயில்' வந்தது. ஸ்பீக்கரில் உள்ளது போலவே, காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்தால் நகரும். திசை மாறினால் திரும்பும். ஹெட் எங்கே நிற்கிறது என்பதைத் தகட்டிலிருந்தே படித்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். எனவே தடங்களை நெருக்கி எழுத முடிந்தது. கொள்ளளவு 100 எம்பி ஆனது. சாஃப்ட்வேர் எழுதும் எனக்கு இதில் பிடித்ததே இந்தத் திருத்திக்கொள்ளும் குணம்தான்.

இன்றைய ஹார்ட் டிஸ்கிலும் இதே முறைதான். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் ஓடும்போது கம்ப்யூட்டரைத் தட்டவோ நகர்த்தவோ வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிட அதிகமானால் முதலில் முக்கிய ஃபைல்களை பேக்கப் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு!