கப்போர்டு பெருசு, கிச்சன் சிறுசு... ரம்பத்தை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தாம்பரத்தில் வாடகை வீடு. ஆடித் தள்ளுபடியில் ஆசை ஆசையாக வாங்கிய கிச்சன் கப்போர்டு. ரெண்டு வருஷத்தில் வீட்டைக் காலி பண்ண வேண்டிய நிலை. விற்றால் பாதி விலைகூடத் தேறாது. சரி, சொந்த ஊருக்கே கொண்டு போயிடலாம் என்று குட்டி யானையில் ஏற்றி உத்திரமேரூர் வரைக்கும் கொண்டு வந்தாச்சு. இறக்கி வைத்துப் பார்த்தால், சுவருக்குச் சுவர் இடம் 5 அடி 3 அங்குலம். கப்போர்டோ 5 அடி 6 அங்குலம்!

'மூணு அங்குலம்தானே, ஒரு வெட்டு வெட்டிட்டா போச்சு' என்று தோன்றும். பல ஆயிரம் ரூபாய் கப்போர்டு விறகாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெட்டலாம், தப்பில்லை. ஆனால் எதை, எந்தப் பக்கம், எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் பொருந்துவதே இல்லை?

ஊர்சபைக்கு யார் யார் தகுதியானவர்கள் என்று 10-ம் நூற்றாண்டிலேயே கல்வெட்டில் விதி எழுதி வைத்த ஊர் உத்திரமேரூர். ஆனால், நம் வீட்டு கிச்சனுக்கு மட்டும் விதியே கிடையாது. கொத்தனார் போட்டதுதான் மேடை, மிச்சம் விழுந்ததுதான் இடம்.

ரெடிமேட் கப்போர்டு பிறந்த கதை நேர் எதிர். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் சுமார் 6 அடிக்கு 11 அடியில் ஒரு கிச்சனை வடிவமைத்தார். அறையும் அலமாரியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. சுமார் 10,000 வீடுகளில் இதே கிச்சன் வந்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. நாம் அறையை ஒரு காலத்திலும் அலமாரியை இன்னொரு காலத்திலும் வாங்குகிறோம். இடிக்காமல் என்ன செய்யும்?

முதலில் டேப், அப்புறம்தான் ரம்பம்

பழைய வீட்டுச் சுவர் பார்க்க நேராக இருக்கும், ஆனால் இருக்காது. பூச்சு சில இடங்களில் புடைத்திருக்கும். அதனால் அகலத்தைத் தரையோரம், இடுப்பு உயரம், மேல் பகுதி என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றில் எது சிறியதோ, அதுதான் உங்கள் அளவு. அதிலும் 4 நூல், அதாவது அரை அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பெட்டி உள்ளே நுழையவே நுழையாது.

தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். அந்தச் சரிவைப் பெட்டியின் காலில்தான் சரிசெய்ய வேண்டும். பெட்டியை வெட்டிச் சரிசெய்யக் கூடாது. பைப், பிளக் பாயின்ட் எங்கே வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்க கப்போர்டு என்ன ஜாதி?

பிளைவுட் என்றால் கவலை குறைவு. வெட்டலாம், திரும்ப ஸ்க்ரூ பிடிக்கும். ஐ.எஸ். 710 முத்திரை இருந்தால் அது தண்ணீர் தாங்கும் ரகம்.

பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. வெட்டிய விளிம்பில் ஈரம் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். பழைய ஓட்டையில் ஸ்க்ரூ இரண்டாவது முறை சரியாகப் பிடிக்காது, பக்கத்தில் புது ஓட்டைதான் போட வேண்டும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் எட்ஜ் பேண்ட் கட்டாயம்.

பி.வி.சி ஷீட் பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக இருக்கும். வெட்டினால் அந்தப் பொந்து வெளியே தெரியும், பட்டை வைத்து மூட வேண்டும். அலுமினியம் என்றால் ஆசாரி வேலையே இல்லை. ஃபேப்ரிகேஷன் கடையில் ரிவெட்டை எடுத்து, சட்டத்தைக் குறைத்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொரு முக்கியமான கேள்வி, பெட்டி கழற்ற வருமா? கம்பெனிப் பெட்டிகளில் பெரும்பாலும் போல்ட்டும் ஸ்க்ரூவும்தான் இருக்கும், அக்கு அக்காகப் பிரிக்கலாம். ஃபெவிகால் போட்டு ஆணி அடித்த பெட்டியைப் பிரித்தால் பலகை பிய்ந்துகொண்டு வரும். அதில் அகலத்தைக் குறைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் வெட்டுவது?

*ஆழம் - இருப்பதிலேயே சுலபம்:* பெட்டி 22 அங்குலம், கடப்பா கல் மேடை 20 அங்குலம் என்றால், பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். பின் பலகையைக் கழற்றி, பக்கப் பலகை, அடிப்பலகை, உள் தட்டு மூன்றையும் ஒரே அளவில் குறைத்து, பின் பலகையைத் திரும்ப அடித்துவிடலாம். கதவுகளைத் தொடவே வேண்டாம். டிராயர் இருந்தால் மட்டும் டிராயர் பெட்டியையும் குறைத்து, சின்ன சேனல் மாற்ற வேண்டும்.

*உயரம் - நடுத்தரம்:* முதலில் காலைப் பாருங்கள். பல பெட்டிகளுக்கு அடியில் 4 அங்குலத்துக்கு காலோ அடிப்பட்டையோ இருக்கும். அதைக் குறைத்தாலே வேலை முடிந்துவிடலாம்.

*அகலம் - பெரிய தலைவலி:* அடிப்பலகை, பின் பலகை, உள் தட்டு, மேல் சட்டம், கதவு என எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். ரெண்டு கதவு உள்ள 36 அங்குலப் பெட்டியை 33 ஆக்குகிறீர்கள் என்றால், கதவுக்கு ஒன்றரை அங்குலம். அதைக் கீல் இருக்கும் பக்கம் வெட்டக் கூடாது. அங்கே கீல் உட்காருவதற்கென்றே வட்டக் குழி தோண்டியிருப்பார்கள். கதவுகள் நடுவில் சந்திக்கும் ஓரத்தில்தான் வெட்ட வேண்டும். கைப்பிடியையும் இடம் மாற்ற வேண்டி வரலாம். டிராயர் உள்ள பெட்டியை விட்டுவிட்டு, வெறும் தட்டு உள்ள பெட்டியில் கை வையுங்கள்.

வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் மைக்கா சிதறுவது குறையும். பிளேடே சுமார் 3 மி.மீ தின்றுவிடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

பெட்டி சின்னதா இருந்தா ஜாலி!

இடம் பெருசு, பெட்டி சிறுசு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 2, 3 அங்குல இடைவெளிக்கு அதே நிறத்தில் ஒரு ஃபில்லர் பட்டை போதும். 6 அங்குலத்துக்கு மேல் என்றால் தட்டு, முறம், அரிவாள்மனை சொருக ஒரு திறந்த தட்டு அடிக்கலாம். வெட்ட வேண்டிய நிலையிலும் இதை யோசியுங்கள். நாலு பெட்டியில் ஒன்றை வெளியே எடுத்துவிட்டு, மிச்ச இடத்தை ஃபில்லரால் நிரப்பினால் ரம்பத்துக்கே வேலை இல்லை. எடுத்த பெட்டி ஹாலுக்கு ஆகும்.

இடத்துக்கு அளந்தீங்க, அம்மாவுக்கு?

எல்லோரும் மறக்கும் இடம் இது. ரெடிமேட் பெட்டியின் மேல் கல்லும் வைத்தால் உயரம் 34 முதல் 36 அங்குலம் வரை வரும். மேடை உயரத்துக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நின்றபடி கையை மடக்கினால் முழங்கை வரும் உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே. 5 அடி உயரமுள்ள அம்மாவுக்கு அது சுமார் 32, 33 அங்குலம்தான். 36 அங்குல மேடையில், அதற்கும் மேலே அடுப்பில், குழம்பைக் கிளற அவர் தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். தினமும் மூணு வேளை. அந்த வலியை நம்மிடம் சொல்லவும் மாட்டார். அதனால் பெட்டிக்குக் காலைக் குறைப்பதற்கு முன், சமைக்கிறவரைப் பக்கத்தில் நிற்க வைத்து அளவெடுங்கள். அது அப்பாவாக இருந்தாலும் சரி, நீங்களாக இருந்தாலும் சரி.

சிலிண்டருக்கு மூச்சு விட இடம்

ஊர் வீடுகளில் சிலிண்டர் பெரும்பாலும் மேடைக்கு அடியில் திறந்தவெளியில்தான் இருக்கும். அந்த இடத்தைக் கப்போர்டு கதவால் அழகாக மூடிவிடுவது பெரிய ஆபத்து. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோரம் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பகுதிக்குக் கதவே வேண்டாம். வேண்டும்தான் என்றால் கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்குப் பெரிய ஜன்னல் விடுங்கள். டியூபைப் பெட்டிக்குள் மறைத்து இழுக்காதீர்கள், விரிசல் விட்டால் கண்ணில் பட வேண்டும்.

கடைசியா ஒரு கணக்கு

வெட்டுக்கூலி, எட்ஜ் பேண்ட், புதுக் கீல், சேனல் எல்லாம் சேர்த்து, புதுப் பெட்டி செய்யும் செலவில் பாதியைத் தாண்டுகிறதா? அப்படியென்றால் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பெட்டியை இடத்துக்கு ஏற்றபடி புதிதாக அடிப்பதே மேல். பெட்டியில் கரையான் தடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

ஆசாரி வருவதற்கு முந்தின நாள், தரையில் சாக்பீஸால் கப்போர்டின் அளவைக் கோடு போட்டுவிடுங்கள். கதவு திறக்கும் தூரத்தையும் சேர்த்து. அம்மாவை ஒரு நாள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று சமைக்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கும் என்பதை அவர் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார். கோட்டை அழிக்க ஒரு ஈரத்துணி போதும். வெட்டிய பலகையை ஒட்ட வைக்க எதுவும் கிடையாது!