மின் டிரக்கை மறிக்கும் காற்று

ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மின் டிரக், பெரிய பேட்டரியுடன் ஒரு முழு சார்ஜில் 320 மைல், அதாவது சுமார் 515 கிலோமீட்டர் ஓடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. நான்கரை டன்னை இழுக்கும் வலிமையும் அதற்கு உண்டு. ஆனால், படுக்கையும் சமையலறையும் கொண்ட ஒரு பெரிய கேரவனைப் பின்னால் மாட்டி நெடுஞ்சாலையில் கிளம்பினால், அந்தத் தூரம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. மற்ற நிறுவனங்களின் மின் டிரக்குகளுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான்.

எடை கூடியதுதான் காரணம் என்று தோன்றும். வண்டி கிளம்பும்போதும் மேடேறும்போதும் எடை ஆற்றலைக் குடிப்பது உண்மை. ஆனால் இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. காற்றைத் தள்ளுவதற்குச் செலவான ஆற்றலோ திரும்புவதே இல்லை. டிரக்கைவிட உயரமும் அகலமுமான கேரவன், முன்னால் காற்றை முட்டுகிறது. பின்னால் காற்றழுத்தம் குறைந்து வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. இந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறவர் 100-க்குப் போனால், காற்றுத் தடை 56 சதவீதம் ஏறும். அதே எடையுள்ள தாழ்வான, தட்டையான டிரெய்லர் இவ்வளவு தொல்லை தராது.

பெட்ரோல் டிரக்குக்கும் இதே காற்றுதானே? ஆம். ஆனால் கையிருப்பில்தான் வேறுபாடு. லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் இருப்பது 131 யூனிட் மின்சாரம். சுமார் 15 லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல்தான் அது! அதைக் கொண்டே 500 கிலோமீட்டர் ஓடக் காரணம், மோட்டார் மிகக் குறைவாக வீணாக்குவது. பெட்ரோல் இன்ஜின் பெரும்பகுதியை வெப்பமாக இழப்பதால், அதன் டேங்க்கைப் பெரிதாகவே செய்கிறார்கள். கூடுதல் சுமையை அந்த இருப்பு தாங்கிக்கொள்கிறது. மின் டிரக்கில் சுமை கூடினால், தூரம் உடனே குறைகிறது.

அடுத்த சிக்கல் சார்ஜிங். பேட்டரி 80 சதவீதம் நிறைந்தபின் சார்ஜ் ஏறும் வேகம் தணிவதால், நெடும்பயணத்தில் அதற்குமேல் காத்திருப்பது லாபமில்லை. பல நிலையங்கள் கார்களுக்காகவே அமைந்தவை. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்தினால்தான் வண்டியை உள்ளே விட முடியும்.

தீர்வுக்கு ஜெர்மனி ஒரு வழி காட்டியது. இஸ்னி நகரில் 1931-இல் நாட்டின் முதல் கேரவனை உருவாக்கியவர் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். அவர் பெயரிலான நிறுவனம், 80 யூனிட் பேட்டரியும் சக்கரங்களை இயக்கும் மோட்டார்களும் கொண்ட கேரவனைச் சோதனைக்காகச் செய்தது. 2021-இல் அதை ஆடி நிறுவனத்தின் மின்காருடன் இணைத்து, இஸ்னியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரிக்கரைவரை 386 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் ஓட்டிக் காட்டினார்கள். கேரவன் தன் பாரத்தைத் தானே சுமந்ததால், காரின் பேட்டரிக்குச் சுமை குறைந்தது.

பேட்டரியை மேலும் மேலும் பெரிதாக்குவது விலையையும் எடையையும் கூட்டும். அதனால் டிரெய்லரின் வடிவம் காற்றுக்கு இணங்க வேண்டும். சார்ஜிங் நிலையங்கள் பெட்ரோல் பங்க்போல நுழைந்து அப்படியே வெளியேறும் வழியுடன் அமைய வேண்டும். அதுவரை, இழுத்துச் செல்பவர்கள் கையில் உள்ள எளிய வழி, வேகத்தைக் குறைப்பதுதான்.